வெளிப்புற ஹார்டு டிஸ்க் மெதுவாக இயங்கினால்: மலைவீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

கோத்தகிரியில் எங்கள் வீட்டுக் கணினியோடு இணைத்துப் பயன்படுத்தும் 1 டிபி ஹார்டு டிஸ்க்கில், அப்பா முப்பது ஆண்டுகளாக எடுத்த படங்களின் ஸ்கேன் பிரதிகள் அனைத்தும் இருக்கின்றன. ஒரு ஜூலை மாத மழை இரவில் அவற்றைப் புதிய டிஸ்க் ஒன்றுக்கு நகலெடுக்கத் தொடங்கினேன். ஒரு மணி நேரத்தில் முடியவேண்டிய வேலைக்குத் திரை மூன்று மணி நேரத்துக்கு மேல் கேட்டது. பதற்றத்தில் நகலெடுப்பதை நிறுத்தினேன். டிஸ்க்கைச் சோதிக்கும் கருவியை ஓடவிட்டேன். விண்டோஸில் இரண்டு மூன்று அமைப்புகளை மாற்றினேன். வைரஸ் தடுப்பையும் அணைத்துப் பார்த்தேன். எதற்கும் பலனில்லை. மறுநாள் கொண்டுபோய்க் காட்டிய கடையில், டிஸ்க் போய்விட்டது, புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். மூன்றாம் நாள் காலை ஜன்னல் வெளிச்சத்தில் கேபிளின் முனையைத் திருப்பிப் பார்த்தபோதுதான், உள்ளே இருந்த மெல்லிய தகடுகளில் பச்சையாகக் களிம்பு ஏறியிருப்பது கண்ணில் பட்டது. வேறு கேபிளைப் பொருத்தியதும் டிஸ்க் தன் பழைய வேகத்துக்கு வந்துவிட்டது. அது இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

வேகக் குறைவு காய்ச்சலைப் போன்றது. பல காரணங்களால் வரும். கேபிள் பழுதானாலும் டிஸ்க் மெதுவாகும், டிஸ்க் தன் கடைசி நாட்களில் இருந்தாலும் மெதுவாகும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். முதலாவது மிகச் சிறிய செலவில் தீர்ந்துவிடும். இரண்டாவதில் நாம் எடுக்கும் ஒரு தவறான முடிவு குடும்பப் படங்கள் முழுவதையும் அழித்துவிடும். ஆகவே எதை முதலில் செய்வது, எதைக் கடைசிவரை செய்யாமல் இருப்பது என்ற வரிசைதான் இந்த வேலையில் எல்லாவற்றையும்விட முக்கியம். கீழே சொல்லியிருக்கும் படிகளை அதே வரிசையில் பின்பற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றிய பிறகு வேகத்தை அளந்து பார்த்து, அதன்பின் அடுத்ததற்குச் செல்லுங்கள். நான் நான்கை ஒரே இரவில் மாற்றியதால்தான் மூன்று நாள் வீணானது.

முதற்படி: எதையும் தொடுவதற்கு முன் தரவை வெளியே எடுங்கள்

டிஸ்க்கில் உள்ளவற்றுக்கு வேறு நகல் இல்லையென்றால், காரணத்தைத் தேடுவதற்கு முன்பே நகல் எடுத்தாக வேண்டும். மெதுவாகவேனும் படிக்க முடிகிற டிஸ்க், நாளை படிக்க முடியாத டிஸ்க்காக மாறக்கூடும்.

டிஸ்க் முழுவதையும் ஒரே மூச்சில் இழுத்துப் போடாதீர்கள். மீண்டும் கிடைக்காதவற்றை முதலில் எடுங்கள்: குடும்பப் படங்கள், பத்திரங்களின் ஸ்கேன், பிள்ளைகளின் சான்றிதழ்கள், தேயிலைத் தோட்டக் கணக்குகள். திரைப்படங்களும் நிறுவல் கோப்புகளும் கடைசியில் வரட்டும். ஒவ்வொரு ஃபோல்டராக எடுத்தால், எந்த இடத்தில் டிஸ்க் திணறுகிறது என்பதும் கூடவே தெரிந்துவிடும். ஏதேனும் ஒரு கோப்பில் நகலெடுப்பு நின்றுபோனால் அதைத் தாண்டிச் செல்லுங்கள். அந்த ஒரு கோப்பையே திரும்பத் திரும்ப முயல்வது டிஸ்க்கைத் துன்புறுத்துவதாகும். டெராகாப்பி என்ற மென்பொருள் படிக்க முடியாத கோப்புகளைத் தாண்டிச் சென்று, இறுதியில் அவற்றின் பட்டியலையும் காட்டும். இத்தகைய நேரத்தில் மிகவும் உதவியானது.

இந்தக் கட்டத்தில் செய்யக்கூடாதவை மூன்று. ஃபார்மட் செய்யக்கூடாது. சிதறிக் கிடக்கும் கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் டிஃப்ராக் செய்யக்கூடாது. மோசமான செக்டார்களை, அதாவது தட்டில் தரவு பதியும் சிறு துண்டுகளில் கெட்டவற்றை, தேடிச் சரிசெய்யும் முழுச் சோதனையையும் ஓட்டக்கூடாது. அது டிஸ்க்கின் மூலை முடுக்கெல்லாம் பல மணி நேரம் படிக்கவைக்கும், ஏற்கெனவே தளர்ந்திருக்கும் டிஸ்க் அந்த உழைப்பைத் தாங்காமல் போகலாம். டிஸ்க்கிலிருந்து டக், டக் என்று சீரான இடைவெளியில் ஒலி எழுந்தாலோ, அது கணினியில் தோன்றித் தோன்றி மறைந்தாலோ, உடனே இணைப்பை எடுத்துவிட்டு மின்சாரம் பற்றிய நான்காம் படிக்குச் செல்லுங்கள். அங்கு சொல்லியிருப்பதைச் செய்தபிறகும் ஒலி நிற்கவில்லையென்றால், தரவு மீட்பையே தொழிலாகச் செய்யும் இடத்துக்குக் கொண்டுசெல்வதைத் தவிர வேறெதுவும் செய்யாதீர்கள். நம் மலையிலிருந்து அதற்குக் கோயம்புத்தூர்வரை இறங்கவேண்டியிருக்கும். முக்கியமான தரவென்றால் அந்தப் பயணம் தகும்.

இரண்டாம் படி: எவ்வளவு மெது என்பதை அளந்து பாருங்கள்

‘ரொம்ப மெதுவாக இருக்கிறது’ என்பதிலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடியாது; எண் வேண்டும். 4 அல்லது 5 ஜிபி அளவுள்ள ஒரே வீடியோ கோப்பைத் தேர்ந்தெடுங்கள். அதை டிஸ்க்கிலிருந்து கணினிக்கும், கணினியிலிருந்து டிஸ்க்குக்கும் நகலெடுத்து, வேகத்தைத் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் சில வினாடிகள் காட்டும் வேகத்தை நம்பவேண்டாம். கணினி தன் நினைவகத்தில் வாங்கிவைத்துக்கொள்வதால் அது பொய்யாக உயர்ந்து தெரியும். அரை நிமிடத்துக்குப் பிறகு நிலைத்து நிற்கும் எண்ணே உண்மையானது.

உள்ளே தட்டுச் சுழலும் சாதாரணக் கையடக்க டிஸ்க் நலமாக இருந்தால், பெரிய கோப்பை வினாடிக்கு 80 முதல் 130 எம்பி வரை படிக்கும். எண் 30-க்கும் 40-க்கும் இடையில் அசையாமல் நின்றால், டிஸ்க்கைச் சந்தேகிக்க வேண்டியதில்லை, பழைய யூஎஸ்பி 2.0 இணைப்பின் உச்ச வேகம் நடைமுறையில் அவ்வளவுதான். 1 எம்பியை ஒட்டி நிலையாக நின்றால் இணைப்பு இன்னும் பழைய, மிகக் குறைந்த வேக நிலைக்கு இறங்கியிருக்கிறது. 60, 2, 0, 45, 0 என்று ஏறி இறங்கி, நடுநடுவே பல வினாடிகள் அப்படியே உறைந்து நின்றால், அதுதான் கவலைப்பட வேண்டிய வடிவம். எண்ணைவிட அதன் நடை அதிகம் சொல்லும்: நேர்க்கோடாகக் குறைந்திருப்பது பெரும்பாலும் வழியிலுள்ள குறை, விக்கி விக்கி ஓடுவது பெரும்பாலும் டிஸ்க்கிலுள்ள குறை.

400 ஜிபி தரவை 110 எம்பி வேகத்தில் எடுக்க ஒரு மணி நேரம் போதும். 35 எம்பி வேகத்தில் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். என் திரை அன்றிரவு காட்டியது ஏறக்குறைய இதைத்தான். கணக்கைப் போட்டுப் பார்த்திருந்தால் அப்போதே கேபிளைத் தேடியிருப்பேன்.

சிறு கோப்புகளை வைத்து அளக்கக்கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. டிஸ்க்கின் படிக்கும் தலை ஒவ்வொரு கோப்புக்கும் இடம் பெயரவேண்டும். ஆயிரக்கணக்கான சிறு படங்களையோ வேர்டு கோப்புகளையோ நகலெடுக்கும்போது நலமான டிஸ்க்கும் சில எம்பிகளுக்கு இறங்கிவிடும். அது நோயில்லை. அடிக்கடி தேவைப்படாத சிறு கோப்புகளை ஒரே ஜிப் கோப்பாகச் சேர்த்து வைத்தால் நகலெடுப்பது பன்மடங்கு விரைவாகும். உங்கள் கணினியின் உள்ளே இருக்கும் டிஸ்க்கே பழையதாக இருந்தால் அதுவும் வேகத்தைக் கட்டுப்படுத்தும். எனவே முடிந்தால் வேறொரு கணினியிலும் ஒருமுறை அளந்து பாருங்கள். இரண்டு கணினியிலும் ஒரே கதையென்றால் குறை கேபிளிலோ டிஸ்க்கிலோதான் இருக்கிறது. உங்கள் விண்டோஸைக் குறைசொல்லிப் பயனில்லை.

மூன்றாம் படி: கேபிளும் போர்ட்டும்

நான் பார்த்த மெதுவான டிஸ்க்குகளில் பாதிக்கு மேல் இங்கேயே சரியாகியிருக்கின்றன. அதனால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

யூஎஸ்பி 3.0 கேபிளுக்குள் உண்மையில் இரண்டு பாதைகள் இருக்கின்றன. கணினியில் செருகும் முனையில் பழைய யூஎஸ்பி 2.0-க்கான 4 தகடுகள் முன்னாலும், வேகமான பாதைக்கான 5 தகடுகள் சற்று உள்ளேயும் இருக்கும். டிஸ்க்கில் செருகும் அகன்ற முனையும் அப்படித்தான். நடுவில் ஒரு பள்ளம் விட்டு இரண்டு அறைகளாகப் பிரிந்திருக்கும், அகலமான அறை பழைய பாதைக்கு, குறுகிய அறை வேகமான பாதைக்கு. வேகமான பாதையின் தகடுகளில் ஒன்று தொடாமல் போனாலும் டிஸ்க் நின்றுவிடாது. ஓசையில்லாமல் பழைய பாதைக்கு மாறி, வினாடிக்கு 5 ஜிகாபிட்டுக்குப் பதிலாக 480 மெகாபிட் வேகத்தில் ஓடத் தொடங்கிவிடும். கோப்புகள் திறக்கின்றன, விளக்கு எரிகிறது, எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது. வேகம் மட்டும் இல்லை. நம்மைத் திசைதிருப்புவது இதுதான். பழைய செல்போன் சார்ஜர் கேபிளின் மைக்ரோ முனையும் அந்த அகலமான அறையில் கச்சிதமாகப் பொருந்தும். வீட்டில் யாராவது அவசரத்துக்கு அதைச் செருகியிருந்தால் டிஸ்க் வேலை செய்யும், ஆனால் ஆமை வேகத்தில்.

முதலில் கேபிளின் இரு முனைகளையும் கழற்றி, டார்ச் வெளிச்சத்தில் தகடுகளைப் பாருங்கள். தங்க நிறத்தில் பளபளப்பாக இருக்கவேண்டும். மங்கலாகவோ பச்சையாகவோ கறுப்பாகவோ இருந்தால் கேபிளை மாற்றிவிடுவது நல்லது. டிஸ்க்கின் பக்கத்திலுள்ள துளையில் களிம்பு இருந்தால், டிஸ்க்கை எதிலும் இணைக்காத நிலையில், மென்மையான சிறு பிரஷ்ஷில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு மெதுவாகத் துடைத்து, அரை மணி நேரம் உலரவிட்டுப் பிறகு இணைக்கலாம். கைக்கிருமிநாசினி, மண்ணெண்ணெய், தேங்காயெண்ணெய் எதுவும் அந்தத் துளைக்குள் போகக்கூடாது.

அடுத்து, முனையைத் தயங்கித் தயங்கிச் செருகாமல் ஒரே அழுத்தில் முழுமையாகச் செருகுங்கள். முன்வரிசைத் தகடுகள் முதலில் தொட்டுவிட்டால், சில கணினிகள் அதைப் பழைய இணைப்பாகவே பதிந்துகொள்ளும். கழற்றி மீண்டும் செருகியதும் வேகம் திரும்பினால் காரணம் இதுதான்.

மேசைக் கணினியாக இருந்தால், சிபியு பெட்டியின் முன்பக்கப் போர்ட்டை விட்டுப் பின்பக்கப் போர்ட்டுக்கு மாற்றுங்கள். பின்பக்கப் போர்ட் மதர்போர்டிலேயே பொருத்தப்பட்டிருக்கும். முன்பக்கப் போர்ட்டுக்கு உள்ளே ஒரு நீண்ட ஒயர் ஓடும், அதன் இணைப்பு தளர்ந்திருக்கலாம். யூஎஸ்பி 3.0 போர்ட்டின் உள்நாக்கு பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும். எல்லா நிறுவனங்களும் இந்த நிறத்தைக் கடைப்பிடிப்பதில்லை என்பதால், போர்ட்டின் அருகில் அச்சிட்டிருக்கும் குறியையும் பாருங்கள். ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் ஹப் இடையில் இருந்தால் அதை நீக்கி, நேராக இணைத்து அளங்கள். கேபிள் ஒரு மீட்டருக்குள் இருப்பது நல்லது. கையடக்க டிஸ்க்கோடு வரும் கேபிள் அரை மீட்டர்கூட இல்லாததற்குக் காரணம் இருக்கிறது.

நான்காம் படி: மின்சாரம்

கையடக்க டிஸ்க்குக்குத் தேவையான மின்சாரம் அதே கேபிள் வழியாகத்தான் வருகிறது. யூஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர் வரை தரவேண்டும், 3.0 போர்ட் 900 வரை. பழைய மடிக்கணினியிலோ, தனி மின் இணைப்பு இல்லாத ஹப்பிலோ இது போதாமல் போகும். அப்போது டிஸ்க் சுழலத் தொடங்கி, வேகம் பிடிக்க முடியாமல் தணிந்து, மறுபடி தொடங்கும். காதை அருகே வைத்துக் கேட்டால் ‘உய்ங்’ என்று எழும்பி ‘டக்’ என்று முடியும் ஒலி மீண்டும் மீண்டும் வருவது தெரியும். சாகும் டிஸ்க்கும் இதே ஒலியை எழுப்பும் என்பதால்தான், வேறு நல்ல போர்ட்டிலும் வேறு கேபிளிலும் ஒரே ஒருமுறை முயன்று பார்க்கச் சொல்கிறேன். அப்போதும் ஒலி நிற்கவில்லையென்றால் மேலும் முயலாதீர்கள்.

தனி அடாப்டரோடு வரும் பெரிய 3.5 அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் தேவை. அடாப்டர் தளர்ந்துபோனாலும் டிஸ்க் விக்கத் தொடங்கும். மாற்று அடாப்டர் வாங்கும்போது வோல்ட் அதேயளவு இருக்கவேண்டும், முனையின் நேர்-எதிர் அமைப்பு மாறக்கூடாது, ஆம்பியர் குறையக்கூடாது.

மின்தடை நமக்குப் புதிதில்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை கொட்டிய மலை இது. சாதாரண மழைக்கே சீகை மரமோ யூகலிப்டஸ் மரமோ சாய்ந்து கம்பி அறுந்துவிடுகிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால், டிஸ்க்கின் கோப்பு அட்டவணை பாதியில் நின்றுவிடும். அடுத்தமுறை இணைக்கும்போது கணினி அதைச் சரிபார்க்கச் சொல்லும், சில ஃபோல்டர்கள் திறக்க நெடுநேரம் எடுக்கும். மேசைக் கணினிக்கு யூபிஎஸ் இல்லாமல் பெரிய நகலெடுப்பைத் தொடங்காதீர்கள். யூபிஎஸ் இல்லையென்றால், பேட்டரி நன்றாக உள்ள மடிக்கணினியில் அந்த வேலையைச் செய்யுங்கள்.

ஐந்தாம் படி: குளிர், ஈரம், உயரம்

உயரத்தால் டிஸ்க் மெதுவாகுமா என்று பலர் கேட்கிறார்கள். கேள்வியில் பொருளுண்டு. சாதாரண ஹார்டு டிஸ்க்கின் படிக்கும் தலை, சுழலும் தட்டின்மேல் மெல்லிய காற்றுப் படலத்தில் மிதக்கிறது. மேலே போகப்போகக் காற்று மெலிவதால் அந்தப் படலமும் மெலியும். ஆனால் தயாரிப்பாளர்கள் பொதுவாக ஏறத்தாழ 3,000 மீட்டர் வரை இயக்கலாம் என்கிறார்கள். குன்னூர் சுமார் 1,850 மீட்டர், உதகை சுமார் 2,240 மீட்டர். தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். எனவே நீலகிரியிலோ கொடைக்கானலிலோ வீட்டில் வைத்துப் பயன்படுத்துகிறவர்கள் உயரத்தைப் பற்றிக் கவலைப்படவேண்டியதில்லை.

குளிரின் கதை வேறு. பல வெளிப்புற டிஸ்க்குகளை 5 டிகிரிக்குக் கீழே இயக்கவேண்டாம் என்று அவற்றின் குறிப்பேடே சொல்கிறது. டிசம்பர், ஜனவரியில் உதகையின் பள்ளப்பகுதிகளில் உறைபனி விழும் விடியற்காலைகளில், வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் இருக்கும் டிஸ்க் அந்த அளவை எளிதில் நெருங்கிவிடும். குளிரில் சுழல் அச்சின் எண்ணெய் தடித்திருப்பதால், டிஸ்க் தொடங்கவே திணறும். காலையில் மெதுவாகவும் மதியம் சரியாகவும் இருக்கும் டிஸ்க்குக்கு இதுவே காரணமாக இருக்கலாம். அதை அறை வெப்பத்துக்குத் தானாக வரவிடுங்கள். ஹீட்டர் முன்னாலும் கணப்பின் மேலும் வைத்துச் சூடாக்குவது மிகப்பெரிய தவறு.

நம் ஊரில் டிஸ்க்கின் உண்மையான எதிரி ஈரம்தான். ஜூன் தொடங்கிக் கூடலூர், பந்தலூர்ப் பக்கம் மழை நிற்காத மாதங்களில் தோல் செருப்பிலும் கேமரா லென்ஸிலும் பூஞ்சை பிடிக்கிறதல்லவா, அதே காற்றுதான் யூஎஸ்பி முனையின் தகடுகளிலும் படிகிறது. இன்னொன்று, நீர் கோத்தல். குளிர்ந்த பொருளை வெதுவெதுப்பான ஈரக்காற்றுக்குள் கொண்டுவந்தால் அதன்மேல் நீர்த்துளி அரும்பும்; குளிரில் வெளியே நின்றுவிட்டு அடுக்களைக்குள் நுழைந்ததும் மூக்குக்கண்ணாடி மங்குவது இதனால்தான். அதிகாலையில் உதகையிலிருந்து பைக்கில் கிளம்பி மேட்டுப்பாளையத்தில் இறங்கியதும் பையிலிருந்து டிஸ்க்கை எடுத்து இணைத்தால் இதே ஆபத்து. டிஸ்க்கை அதன் உறையைத் திறக்காமலே ஒன்றிரண்டு மணி நேரம் வைத்திருந்து, அறையின் வெப்பநிலைக்கு வந்தபின் இணைக்கவேண்டும்.

பயன்படுத்தாத நேரத்தில், இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். கேபிளையும் அதற்குள்ளேயே வையுங்கள், ஏனெனில் முதலில் கெடுவது கேபிள்தான். அரிசியில் புதைத்து வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்; அரிசித் தூசி துளைகளுக்குள் போவதுதான் மிச்சம். கெட்டுப்போன டிஸ்க்கை ஃபிரீஸரில் வைத்தால் ஓடும் என்ற யோசனையையும் கேட்காதீர்கள். வெளியே எடுத்த கணமே நீர் கோத்துவிடும்.

ஆறாம் படி: டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்த்தல்

கேபிள், போர்ட், மின்சாரம் மூன்றும் சரியென்று தெரிந்தபிறகும் வேகம் வரவில்லையென்றால் டிஸ்க்கைப் பார்க்கவேண்டும். ஒவ்வொரு ஹார்டு டிஸ்க்கும் தன் குறைகளைத் தானே எண்ணி ஸ்மார்ட் என்ற பதிவேட்டில் எழுதிவைக்கிறது. விண்டோஸில் அதைப் படிக்க கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். திறந்ததும் நீலம், மஞ்சள், சிவப்பு என்று ஒரு நிறத்தைக் காட்டும். நிறத்தோடு நின்றுவிடாமல் மூன்று வரிகளைப் பாருங்கள்.

05 என்ற எண்ணுள்ள வரி, கெட்டுப்போய் மாற்று இடம் ஒதுக்கப்பட்ட செக்டார்களின் எண்ணிக்கை. சி5 என்ற வரி, படிக்க முடியாமல் முடிவெடுக்கக் காத்திருக்கும் செக்டார்களின் எண்ணிக்கை. சி6 என்பது சரிசெய்யவே முடியாதவை. மூன்றும் பூஜ்யமாக இருக்கவேண்டும். மென்பொருள் இவற்றைத் தொடக்கத்தில் பதினாறடிமான எண்ணாகக் காட்டும். மெனுவில் உள்ள அட்வான்ஸ்டு ஃபீச்சர் பகுதியில் ரா வேல்யூஸ் என்பதைப் பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொண்டால் நமக்குப் பழகிய எண்ணாகத் தெரியும்.

இவற்றுள் வேகத்தோடு நேரடித் தொடர்புள்ளது சி5. ஒரு செக்டாரைப் படிக்க முடியாதபோது டிஸ்க் உடனே கைவிடுவதில்லை. தலையைச் சற்று நகர்த்தி, மீண்டும் வந்து, மறுபடியும் மறுபடியும் படித்துப் பார்க்கும். அந்த ஒரு துணுக்குக்காகப் பல வினாடிகள் கழியும். இரண்டாம் படியில் சொன்ன ‘உறைந்து நிற்றல்’ இதுதான். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபாமன்ஸ் பகுதியில் அந்த டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்தால் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஆக்டிவ் டைம் 100 விழுக்காட்டில் நிற்கும், ஆனால் நகரும் தரவோ ஏறக்குறைய பூஜ்யம். சராசரி பதில் நேரம் பத்து இருபது மில்லிவினாடியில் இருக்கவேண்டியது, ஆயிரங்களில் காட்டும். மாறாக ஆக்டிவ் டைம் குறைவாக இருந்து வேகமும் குறைவாக இருந்தால், டிஸ்க் சும்மா காத்திருக்கிறது என்று பொருள். குறை வேறெங்கோ இருக்கிறது.

எங்கள் தெருவிலுள்ள ஆசிரியை ஒருவர் சென்ற ஆண்டு தன் டிஸ்க்கைக் கொண்டுவந்தார். “தம்பி, ரெண்டு நாளா ஒரு ஃபோல்டர் திறக்கவே அஞ்சு நிமிஷம் ஆகுது. ஃபார்மட் போட்டா சரியாயிடும்னு சொல்றாங்க, போட்டுடட்டுமா?” என்று கேட்டார். “அக்கா, கையே வைக்காதீங்க. முதல்ல உள்ள இருக்கறதை எடுத்துடலாம்” என்றேன். சி5-இல் 312 என்று இருந்தது. அவருடைய மகள் கல்யாணப் படங்கள் அந்த ஒரே டிஸ்க்கில்தான் இருந்தன. லினக்ஸில் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற கருவியை ஓடவிட்டோம். அது நன்றாக இருக்கும் பகுதிகளை முதலில் விரைந்து எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். எதுவரை முடித்தது என்பதை ஒரு கோப்பில் குறித்துக்கொள்வதால், நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மூன்று இரவுகள் ஓடியது. இரண்டாம் இரவு சி5 ஐந்நூறைத் தாண்டியது. எண் ஏறுவதை அவரும் அருகிலிருந்து பார்த்தார். நான்காம் நாள் காலை பதினோரு படங்கள் தவிர அனைத்தும் கைக்கு வந்துவிட்டன. அடுத்த வாரம் அந்த டிஸ்க் கணினியில் தோன்றவே இல்லை. ஃபார்மட் போட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே எனக்குக் கலக்கமாக இருக்கிறது.

05, சி5, சி6 ஆகியவற்றில் எண் இருந்து, அது ஒவ்வொரு வாரமும் ஏறினால், அந்த டிஸ்க்கை இனிச் சரிசெய்ய முடியாது. எண் சிறியதாக இருந்து பல மாதங்கள் மாறாமல் நின்றால் திரைப்படங்கள் போன்ற முக்கியமில்லாதவற்றுக்குப் பயன்படுத்தலாம். உத்தரவாதக் காலம் இருக்கிறதே என்று அலட்சியம் வேண்டாம்; நிறுவனம் மாற்றித் தருவது டிஸ்க்கை மட்டுமே, உள்ளே இருந்த தரவை யாரும் திருப்பித் தருவதில்லை. சி7 என்ற வரி மட்டும் ஏறினால், டிஸ்க்குக்கும் அதன் உறையில் உள்ள சர்க்யூட்டுக்கும் இடையிலான இணைப்பில் தொய்வு. கடையில் தனியாக உறை வாங்கிப் பழைய டிஸ்க்கைப் பொருத்தியவர்கள் உறையை மாற்றிப் பார்க்கலாம். நிறுவனமே அடைத்து விற்கும் கையடக்க டிஸ்க்கைப் பிரிக்காதீர்கள். அவற்றுள் பலவற்றில் யூஎஸ்பி துளை டிஸ்க்கின் சர்க்யூட்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், தனியே எடுக்க வழியில்லை.

ஏழாம் படி: எழுதும்போது மட்டும் மெதுவாகிறதா?

படிக்கும்போது நல்ல வேகம், ஸ்மார்ட் பதிவேடும் சுத்தம். ஆனால் பல ஜிபி எழுதியபின் வேகம் திடீரென்று 10, 20 எம்பிக்கு விழுகிறது என்றால், அது டிஸ்க்கின் இயல்பாக இருக்கலாம். கூடுதல் கொள்ளளவுக்காக இன்றைய கையடக்க டிஸ்க்குகள் பலவற்றில், தரவுத் தடங்களை ஓட்டுக்கூரையில் ஓடு வேய்வதைப் போல ஒன்றன் விளிம்பின்மேல் மற்றொன்றாக எழுதுகிறார்கள். எஸ்எம்ஆர் என்பது இந்த முறையின் பெயர். கூரையின் நடுவில் ஓர் ஓட்டை மாற்றவேண்டுமானால் அதன்மேல் படிந்திருக்கும் ஓடுகளையும் எடுத்து அடுக்கவேண்டுமல்லவா? இந்த டிஸ்க்கிலும் ஒரு தடத்தைத் திருத்தினால் அதையடுத்த தடங்களையும் சேர்த்து மீண்டும் எழுதவேண்டும். அதனால் டிஸ்க் வரும் தரவை முதலில் ஒரு தற்காலிக இடத்தில் வாங்கிக்கொண்டு, ஓய்வு கிடைக்கும்போது அடுக்கிவைக்கிறது. தற்காலிக இடம் நிரம்பியதும் வேகம் விழுந்துவிடுகிறது.

இதற்குப் பழுதுபார்ப்பு கிடையாது, பழக்கம்தான் உண்டு. பெரிய நகலெடுப்பைப் பகுதி பகுதியாகச் செய்து, இடையில் டிஸ்க்கைக் கழற்றாமல் சிறிது நேரம் சும்மா விடுங்கள். ஐந்தில் ஒரு பங்கு இடத்தைக் காலியாக வைத்திருங்கள். எந்த ஹார்டு டிஸ்க்கும் நிரம்ப நிரம்பத் தட்டின் உள்வட்டத்தில் எழுதுவதால் வேகம் குறையவே செய்யும். அன்றாடம் எழுதி அழிக்கும் வேலைக்கு, சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டி வாங்குவதே என் பரிந்துரை. மாதம் ஒருமுறை காப்புநகல் எடுக்க இந்த டிஸ்க் தாராளமாகப் போதும்.

எட்டாம் படி: விண்டோஸ் பக்கம்

மென்பொருளைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், இங்கே கிடைக்கும் லாபம் குறைவு என்பதே.

கோப்பு அட்டவணைக் குறை இருந்தால், தரவை வெளியே எடுத்துவிட்டு, ஸ்மார்ட் பதிவேடும் சுத்தமாக இருப்பதை உறுதிசெய்தபின், டிரைவை வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ், டூல்ஸ், செக் என்ற வழியில் சரிபார்க்கலாம். இதே நிபந்தனைகளோடு, பல ஆண்டுகள் எழுதி அழித்த, என்டிஎஃப்எஸ் என்ற விண்டோஸ் கோப்பு அமைப்பிலுள்ள டிஸ்க்கை ஆப்டிமைஸ் (முன்பு சொன்ன டிஃப்ராக்) செய்வதும் பயன் தரும்.

வைரஸ் தடுப்பு ஒவ்வொரு கோப்பையும் சோதிப்பதால் சிறு கோப்புகள் மெதுவாகும். அதை அணைக்கவோ, டிஸ்க்குக்கு விலக்கு அளிக்கவோ வேண்டாம். பிரின்ட் எடுக்கும் கடைக்கும் ஸ்டுடியோவுக்கும் போய்வரும் டிஸ்க்கில்தான் வைரஸ் ஏறிக்கொள்கிறது. இரவில் ஒருமுறை முழுச் சோதனை செய்துவிடுங்கள்.

டிவைஸ் மேனேஜரில் டிஸ்க்கின் பாலிசீஸ் பகுதியில் குவிக் ரிமூவல், பெட்டர் பெர்ஃபாமன்ஸ் என்று இரண்டு தேர்வுகள் உண்டு. 2018-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பு 1809 முதல் குவிக் ரிமூவல்தான் இயல்பான அமைப்பு. மற்றதைத் தேர்ந்தெடுத்தால் எழுதும் வேகம் ஓரளவு கூடும். ஆனால் எழுதவேண்டியது நினைவகத்தில் தேங்கியிருக்கும்போது மின்சாரம் போனால் இழப்பு நமக்கே. மின்தடை அடிக்கடி வரும் மலையில் இந்த அமைப்பை நான் மாற்றுவதில்லை.

சற்று நேரம் பயன்படுத்தாமல் விட்டபின் முதல் கோப்பைத் திறக்கும்போது மட்டும் சில வினாடிகள் தாமதமானால், டிஸ்க் உறங்கி எழுகிறது என்று பொருள். அதைத் தொந்தரவு செய்யவேண்டாம். டிஸ்க்கை இணைத்ததும் வயர்லெஸ் மவுஸ் தடுமாறினால், யூஎஸ்பி 3.0 இணைப்பு 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் எழுப்பும் இரைச்சலே காரணம். மவுஸின் ரிசீவரை வேறு பக்கத்துப் போர்ட்டுக்கு மாற்றுங்கள்.

ஒன்பதாம் படி: எண்களை எழுதி ஒட்டுங்கள்

டிஸ்க் சரியானதும், இரண்டாம் படியில் பயன்படுத்திய அதே வீடியோ கோப்பை வைத்து மீண்டும் அளந்து, படிக்கும் வேகம், எழுதும் வேகம், 05, சி5 எண்கள், அன்றைய தேதி ஆகியவற்றைச் சிறு காகிதத்தில் எழுதி டிஸ்க்கின் அடிப்பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன் மே மாதத்தில் ஒருமுறையும், உறைபனி முடிந்தபின் பிப்ரவரியில் ஒருமுறையும் அளந்து அதன் கீழே எழுதுங்கள். என் டிஸ்க்கில் ஒட்டியிருக்கும் காகிதத்தில் இப்போது ஏழு வரிகள் இருக்கின்றன. கடைசி வரி படிப்பதற்கு 108, எழுதுவதற்கு 101, 05-உம் சி5-உம் பூஜ்யம். அதிலுள்ள அப்பாவின் படங்களுக்கு இரண்டாவது நகல் ஒன்று, மலைக்குக் கீழே கோயம்புத்தூரில் தங்கை வீட்டு அலமாரியில் இருக்கிறது.